உப்பு தேடும் கால்

"மேஸ்திரி வந்துட்டாருக்கா" என்று சொல்லிக்கொண்டே எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரின் மூலையில் முதுகைக் கொடுத்து மேலும் கீழுமாகத் தேய்ப்பாள் செந்தமிழ். மேஸ்திரி என்றால் அரிப்பு. உப்பளத்து மேஸ்திரியைப் போலவே வேளை தவறாமல் வருகிறதாம், உட்கார விடுவதில்லையாம், சாப்பிடும்போதும் தலைமேல் வந்து நிற்கிறதாம். அந்தச் செங்கல் மூலையைப் பூசிவிடச் சொல்லி நான் என் வீட்டுக்காரரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். செந்தமிழ் அதற்குத் தடை போட்டுவிட்டாள். "கொழந்த பொறக்கற வரைக்கும் இந்த மூல எனக்கு வேணும்க்கா. அப்புறம் நீங்க பளிங்குக் கல்லே பதிச்சிக்கங்க."

எதிர்வீட்டுக்காரி. மரக்காணத்து உப்பளத்தில் வேலை. வரப்பிலிருந்து வரப்புக்குக் கூவிப் பேசியே பழகியதால் மெதுவாகப் பேச வராது. அவள் ரகசியம் சொன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் கேட்கும். தார் ரோட்டில் நடந்தாலும் வழுக்கும் வரப்பில் நடப்பதுபோல் பாதத்தை முழுசாகப் பதித்துத்தான் நடப்பாள். இன்னொரு வினோதம், அவள் சாப்பாட்டில் உப்பே இருக்காது. மோர்ச் சோற்றுக்குக்கூட ஒரு கல் போடமாட்டாள். "நாளு பூரா அதுலயே நிக்கறேன், தட்டுலயும் அதேவா?" என்பாள். வாய்க்கு ருசியில்லாமல் இவளோடு அருண்ராஜ் எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறானோ என்று நான் யோசித்ததுண்டு.

அருண்ராஜ் அவள் கணவன். குட்டியானை வண்டியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவன். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து இப்போதுதான் செந்தமிழ் முழுகாமல் இருக்கிறாள். வயிறு மேடு தட்டியதுமே, இனிமேல் வரப்பில் கால் வைத்தால் வண்டியை விற்றுவிடுவேன் என்று மிரட்டி அவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டான். உட்கார்ந்த செந்தமிழ், கூண்டுக்குள் அடைத்த கோழியானாள். பகலெல்லாம் எங்கள் சுவருக்கும் அவள் வாசலுக்கும் நடந்தாள்.

ஆறாம் மாதத்தில் ஒருமுறை வயிற்றின்மேல் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. கிராம நர்ஸ் வைஜெயந்தி வந்து பார்த்து, "தோலு இழுக்குது இல்ல, சில பேருக்கு இப்படி வரும், பயப்படாத" என்று ரோஸ் நிற மருந்து ஒன்று கொடுத்தார். இரண்டு வாரத்தில் அடங்கிப் போனது. அதனால்தான் எட்டாம் மாதத்தில் கையிலும் காலிலும் அரிப்பு வந்தபோது யாருக்கும் பயமே வரவில்லை. ஆளாளுக்கு வைத்தியர் ஆனோம். வேப்பிலைத் தண்ணீர் என்றாள் ஒருத்தி. தேங்காயெண்ணெயில் கற்பூரம் என்றாள் இன்னொருத்தி. கத்தரிக்காயை நிறுத்து, கருவாட்டைக் கண்ணில் காட்டாதே என்று சட்டம் போட்டார்கள். நானும் சும்மா இருக்கவில்லை, என் பங்குக்கு ஒரு டப்பா பவுடர் கொண்டு போய்க் கொடுத்தேன். எல்லாவற்றையும் வாங்கி வரிசையாக ஜன்னலில் வைத்துக்கொண்டு, "கடைய தொறந்துட்டேன்க்கா" என்று சிரித்தாள்.

வளைகாப்புக்குப் பிறகு அவள் சொறிவது எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டது. இரண்டு கையிலும் முன்கை பாதிவரை கண்ணாடி வளையல். சொறியச் சொறியக் கலகலவென்று சத்தம். பாதி வளையல் உடைந்து, உடைந்த விளிம்பு முன்கையைக் கிழித்திருந்தது. "ஒடஞ்சதுல சொறிஞ்சாதான் நல்லா இருக்குதுக்கா" என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன வியாழக்கிழமை, அவளுக்கு நான் தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டிக்குள். கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தொட்டியில் என்ன மருந்து என்று குனிந்து பார்த்தேன். உப்பளத்துப் பாத்தித் தண்ணீர். உப்பு பூக்கிற பதத்தில் இருக்கிற கெட்டித் தண்ணீர், கையை விட்டு எடுத்தால் வெள்ளையாகப் படிந்து காய்கிற தண்ணீர். காலைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். உள்ளங்காலில் தோல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சொறிந்து சொறிந்து பச்சை ரணமாக இருந்தது, அதன்மேல் உப்பு.

"அடிப்பாவி, எரியலையா?"

"எரியுது. எரிஞ்சா தேவலக்கா. இந்த அரிப்புதான் தாங்க ஆவல."

"யார் சொன்னது இந்த வைத்தியத்த?"

"பெரிம்மாதான். காலு உப்பு தேடுதாம்."

பெரியம்மா என்று அவள் சொல்வது சின்னப்பாப்பாவை. ரத்த உறவு ஒன்றும் இல்லை. ஒரே பாத்தியில் வேலை, அந்த உறவுதான். உப்பளத்தில் இறங்குகிறவர்களுக்கு இது ஊரறிந்த சங்கதியாம். மழைக்கு வேலை நின்றுபோனால், காய்த்துப் போன பாதம் உரிந்து அரிக்கும். கால் உப்பு தேடுகிறது என்பார்கள். ஒரு குடம் பாத்தித் தண்ணீர் கொண்டுவந்து காலை ஊற வைத்தால் நின்றுவிடும். மழைக்காலத்தில் எல்லோரும் செய்வதுதான். செந்தமிழும் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தவள், அரிப்பதும் உள்ளங்கால். பிறகு என்ன சந்தேகம்? தினமும் வேலை முடிந்து வரும்போது சின்னப்பாப்பா அவ்வளவு தூரம் ஒரு குடம் உப்புத் தண்ணீரைத் தலையில் சுமந்து வந்து அந்தத் தொட்டியில் ஊற்றினாள்.

ஊற்றிவிட்டு அன்றும் கிணற்றடிப் பக்கம் தள்ளித்தான் நின்றிருந்தாள். அவள் செந்தமிழைத் தொடமாட்டாள். வளைகாப்பன்றும் பந்தலுக்கு வெளியே நின்று தட்டை மட்டும் கொடுத்தனுப்பினாள். இரண்டு பிள்ளை அவளுக்கு, இரண்டும் கடைசி மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டன. ராசியில்லாத வயிறு என்று ஊர் சொல்லியது. ஊர் சொன்னதை அவளும் நம்பி, பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கும் பக்கம் கையைக்கூட நீட்டாமல் காலத்தை ஓட்டிவிட்டாள். "நானும் இப்படி ஊற வெச்சவதாம்மா. நல்லாத்தான் கேக்கும்" என்று அங்கிருந்தே என்னைச் சமாதானப்படுத்தினாள்.

அந்த நேரத்தில்தான் நர்ஸ் வைஜெயந்தி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். வழக்கமான சுற்று. தொட்டியைப் பார்த்தார், காலைப் பார்த்தார், தோள் பையைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"உள்ளங்கையிலயும் அரிக்குதா?"

"அங்கதான் மேடம் மொதல்ல. ராத்திரி ஆனா தூக்கமே இல்ல."

"தடிப்பு எதனா வந்துச்சா, போன தபா வயித்துல வந்த மாதிரி?"

"ஒண்ணுமே இல்ல. இதெல்லாம் நான் பிராண்டினது."

"ஒண்ணுக்கு என்னா கலர்ல போவுது?"

செந்தமிழ் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். "டிக்காஷன் மாதிரி. வெயிலுக்குன்னு நெனச்சேன்."

நர்ஸ் அவளை வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். முகம் மாறியது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு போன் போட்டா என்னா? இது தோல்ல வர்ற அரிப்பு இல்லம்மா. தடிப்பு இருந்தாக்கூட எனக்கு பயமில்ல. தடிப்பே இல்லாம கையிலயும் கால்லயும் இப்படி அரிச்சா ஈரல்ல கோளாறு இருக்கலாம். பித்தம் ரத்தத்துல ஏறிடும். உனக்கு அரிப்போட போயிடும், பெத்ததும் சரியாவும். உள்ள இருக்கறதுக்குத்தான் ஆவாது. நல்லா ஒதைச்சிக்கினு இருக்கற கொழந்த திடீர்னு..." என்று ஆரம்பித்தவர் மீதியை விழுங்கிக்கொண்டார். "ரத்தம் பாத்தாதான் எதையும் சொல்ல முடியும். ஆனா இன்னைக்கே பாக்கணும். அருண்ராஜுக்கு போன் போடு."

அரிப்பு. வெறும் அரிப்பு. இதற்கா நான் பவுடர் டப்பா கொடுத்துவிட்டு, மூலைச் சுவரைக் கேலி பேசிக்கொண்டிருந்தேன்? எதிர்வீட்டில் ஒரு குழந்தை உயிருக்குப் போராடும்போது தெருவே கத்தரிக்காயைத் தடை செய்துகொண்டிருந்திருக்கிறது. செந்தமிழ் தொட்டிக்குள் கால் இருப்பதே மறந்து, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் போடாத செந்தமிழை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அப்போது கிணற்றடியிலிருந்து சின்னப்பாப்பா கேட்டாள். சாதாரணமாக, வழி கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"எனக்கும் உள்ளங்கால்லதான் நர்சம்மா அரிச்சுது. ரெண்டு வாட்டியும்."

நர்ஸ் திரும்பிப் பார்த்தார். "எத்தினியாவது மாசத்துல?"

"கடைசிலதான். உப்புத் தண்ணியில நின்னேன். நல்லா இருந்துச்சி. அப்புறம் ஒரு நாளு அசையல."

"அப்ப நடந்தத இப்ப எப்படிம்மா சொல்ல முடியும்? அதுவாத்தான் இருக்கணும்னு இல்ல" என்றார் நர்ஸ். சின்னப்பாப்பா தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு வந்து, செந்தமிழின் கால் எப்போது வெளியே வரும் என்று காத்து நின்று, தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் சாக்கடையில் கவிழ்த்தாள். கவிழ்த்த பிறகும் தட்டித் தட்டிக் கொட்டினாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, உள்ளே போய்ச் செந்தமிழின் துணிமணிகளை எடுத்துப் பையில் வைத்தேன்.

நர்ஸ் சந்தேகப்பட்டது சரியாகத்தான் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து அன்றே படுக்க வைத்துவிட்டார்கள். மாத்திரை கொடுக்கிறார்கள். நாள் தள்ள விடாமல் அடுத்த வாரமே வலி வரவழைத்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். அதுவரைக்கும் குழந்தையின் அசைவைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், குறைந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் சின்னப்பாப்பாவும் பார்க்கப் போனோம். பஸ்ஸில் வழியெல்லாம் அவள் முடிந்து வைத்திருந்த முந்தானையை அவிழ்ப்பதும் முடிவதுமாக வந்தாள். வார்டில் செந்தமிழ் காலில் மருந்துத் துணி சுற்றிப் படுத்திருந்தாள். பழைய வாய் திரும்பி வந்திருந்தது. "இங்க சாப்பாட்டுல உப்பு போட்டுக் கொல்றாங்கக்கா" என்றாள். மேஸ்திரி மட்டும் இன்னும் போகவில்லை. ஒரு கை மற்றதன் புறங்கையைப் பிடித்துச் சொறிந்தபடியே இருந்தது, மிச்சமிருந்த வளையல்கள் கலகலத்துக்கொண்டே இருந்தன.

சின்னப்பாப்பா வழக்கம்போல் கால்மாட்டில், கட்டிலிலிருந்து ஓரடி தள்ளி நின்றாள்.

"அங்க என்னா பெரிம்மா நிக்கற? இங்க வா. அசையுதான்னு பாத்துக்கினே இருன்றாங்க. நான் சொறியற சொறியில இது ஒதைக்குதா, நான் குலுங்கறனான்னே வெளங்கல. நீ கைய வெச்சிப் பாத்துச் சொல்லு."

"ஐயய்யோ, நானாடி? வேணாம். அக்காவ பாக்கச் சொல்லு. என் கை..."

"உன் கைக்கு என்னா?"

சின்னப்பாப்பா என்னைப் பார்த்தாள். செந்தமிழ் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, காய்ப்பேறிய அந்த உள்ளங்கையைத் தன் வயிற்றின்மேல் வைத்து அழுத்தினாள். பிறகு, சொறிந்துகொண்டிருந்த தன் இன்னொரு கையை இடுப்புக்கு அடியில் நுழைத்து, அதன்மேல் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் படுத்துக்கொண்டாள்.