நான் தூக்கிய ரிசீவர்

எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது.

அப்போது புனேயில், ஔந்த் பக்கம் குடியிருந்தோம். மகள் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தாள். மாலையில் பாடம் முடித்ததும் டெலிபோன் லைனில் இன்டர்நெட் போட்டு, திரையைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பாள். யாரோ பையன் என்று எனக்கு இருப்புக்கொள்ளாது. கேட்கக் கூச்சம். உள்ளறை போனின் ரிசீவரைத் தூக்கினால் இன்டர்நெட் அறுந்துவிடும் என்று தெரியும். சத்தமில்லாமல் தூக்கி வைத்துவிடுவேன்.

“அரே, மறுபடி கட்! நீ போனை எடுத்தியாம்மா?”

“எனக்கென்னடி வேலை? லைன் சரியில்லை.”

ஒருநாள் மூன்று தடவை தூக்கினேன். அழுகைச் சத்தம் கேட்டு ஓடினேன். திரையில் செஸ் பலகை இருந்தது.

“காலேஜ் போட்டிம்மா. ஜெயிக்கிற ஆட்டம். லைன் போனா தோத்துட்டோம்னு அர்த்தம்.”

“எதிர்ல யாருடி?”

“நாக்பூர் பொண்ணு. தினமும் அவகூடத்தானே ஆடுவேன்!”

மறுநாள் லைன்மேன் வந்து வயரை மாற்றினார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். மகள் பிறகு ஆடவேயில்லை.

எந்த வருடம், என்ன போட்டி என்பது நினைவில்லை. அச்சிடுமுன் யாராவது என் மகளிடம் இந்தத் தாளைக் காட்டிச் சரிபாருங்கள். ரிசீவரைத் தூக்கியது யாரென்று அவளுக்கு இன்னும் தெரியாது. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.