பியானோவைக் கெடுத்தவர்

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் மீன் வாங்கியதில்லை. மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பேன். அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பியானோ இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் சென்னைப் பட்டறை ஒன்றில் தேக்கில் செய்தது. மீன் பிடிக்கக் கடலுக்குப் போவதை நிறுத்தியபின் நைனா, அதாவது என் அப்பா, ஒரு பங்களாவில் காவல் பார்த்தார். அதை இடித்தபோது முதலாளி பியானோவை அவருக்கே கொடுத்துவிட்டார். இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, எங்கள் மீனவ ஊருக்கு முன்னால் கிடக்கும் உப்பு ஏரியைத் தாண்டிக் கொண்டுவந்தார். எனக்காகத்தான். ஹாஸ்டலில் கன்னியாஸ்திரிகளிடம் கற்ற வாசிப்பு. மீஞ்சூரில் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்ததும் அதன்முன் உட்காராவிட்டால் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும்.

போன வருடம் சுருதி சேர்க்கச் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நன்றாகத்தான் சேர்த்தார். கிளம்பும்போது, "உப்புக் காத்துல மரம் கெட்டுடும்மா. விக்கிறதா இருந்தா எங்கிட்ட சொல்லுங்க" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. எனக்குச் சுருக்கென்றது.

ஒரு மாதத்தில் பியானோவின் குரல் செத்துப்போனது. கட்டையை அழுத்தினால் மெத்தையில் தட்டின மாதிரி சத்தம். சில கட்டைகள் எழும்பவே இல்லை. அடிமாட்டு விலைக்கு வாங்குவதற்காக அந்த ஆள்தான் உள்ளே ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். தினமும் சாப்பாட்டு வேளையில் திட்டித் தீர்த்தேன். நைனா பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போவார். வயசாகிவிட்டது, பசி இல்லை என்று நினைத்தேன்.

கையும் களவுமாகப் பிடிக்க அந்தப் பெரியவரையே மறுபடி வரச்சொன்னேன். டீகூடத் தரவில்லை. செல்போனில் வீடியோ ஓடவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவர் மூடியைத் திறந்தார், குனிந்து மோந்தார்.

"என்னம்மா இது, மீன் எண்ணெய் நாத்தம்?"

மீன் நாற்றம் இல்லாத இடம் எங்கள் ஊரில் எது? எனக்கு எப்படித் தெரியும்?

"இன்னா சார், நீ கெடுத்துட்டு எங்க மேல பழி போடறியா? அந்தப் பையத் தொற!" என்று கத்தினேன். அவர் பையைக் கவிழ்த்தார். திருகு சாவிகள், துணி, ஒரு மோர் பாட்டில்.

வாசலில் நின்ற நைனா உள்ளே வந்தார். "அவர விடு. நான்தான் தடவினேன். உப்புக் காத்துல மரம் கெட்டுடும்னாரே. படகுக்கு அடிக்கிற எண்ணெதான். நீ ஸ்கூலுக்குப் போனப்புறம் கோழி எறகால உள்ள இருக்குற ஒவ்வொண்ணுக்கும் தொட்டுத் தொட்டு வெச்சேன்."

பெரியவர் உள்ளேயிருந்து சின்னச் சுத்தியல் ஒன்றைக் கழற்றிக் காட்டினார். கம்பியைத் தட்டும் அதன் கம்பளித் துண்டு எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. "எல்லாம் ஊறிப்போச்சு. புதுசு போட்டாலும் பழைய குரல் வராது. மொத வாரமே சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

"மொத வாரமே தெரிஞ்சிபூட்ச்சி" என்றார் நைனா, தரையைப் பார்த்தபடி. "உன்கிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சும்மா."

நடுக்கடலில் புயல் பார்த்தவர் என் நைனா. அவர் பயந்தது என் வாய்க்கு.