விரதத்தில் போட்ட மாத்திரை

குடித்துக் குடித்துக் குடல் வெந்துதான் சுயம்புலிங்கம் ரத்தம் கக்கினாராம்! குழாயடியில் நின்று இப்படிச் சொல்கிறாளே பக்கத்து வீட்டு ஜானகி, நாக்கு கூசவில்லையா? சாராயக் கடையைத் திறந்துவிட்ட வருஷம்தான், யார் இல்லையென்றது? அதற்காக மாம்பலத்தில் மயங்கி விழுந்தவனெல்லாம் குடிகாரனா? அந்த மனுஷன் வெற்றிலைகூடப் போட மாட்டார். அன்றைக்குக் கந்தசஷ்டி விரதம். பச்சைத் தண்ணீரும் மாத்திரையும் தவிர வாயில் ஒன்றும் வைக்கவில்லை.

பெண்டாட்டி தங்கபுஷ்பம் வேண்டாமென்று சொல்லாமலும் இல்லை. உஸ்மான் ரோட்டில், அய்யாதுரை அண்ணாச்சி ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலை அவருக்கு. முன்பெல்லாம் ஜமக்காளத்தில் உட்கார்ந்துதான் விரிப்பார்கள். அண்ணாச்சி கண்ணாடிக் கவுண்டர் போட்டாலும் போட்டார், கடை பூட்டுகிற வரை நிற்கணும். தீபாவளிக் கூட்டத்தில் முட்டி இரண்டும் தேங்காய் மாதிரி வீங்கிப்போயின. கம்பவுண்டர் வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, சோறு தின்றபிறகு போடச் சொன்னார். அது பற்றவில்லை என்றதும் அண்ணாச்சி தன் மேசையிலிருந்து தலைவலி மாத்திரையையும் எடுத்து நீட்டினார். தீபாவளிக்கு மறுநாளே சஷ்டி விரதம் தொடங்கிவிட்டது. கல்யாண ஜவுளிக் கூட்டமோ குறையவில்லை.

"ஏங்க, சாப்பிட்ட பொறவு போடுற மாத்திரை. வெறும் வயித்துல போடுறீங்களே?"

"மாத்திரை என்ன சோறாட்டி, விரதம் முறிய? வலி தாங்கல, விடு."

"அப்ப விரதத்தையாவது விடுங்க."

"செந்தூரான்கிட்ட நீயே போய்ச் சொல்லு."

வயிறு எரிந்தது, விரதப் பசி என்றார். ஒருநாள் காலையில் கொல்லைக்குப் போய்வந்தவர் முகம் வெளிறி, "கறுப்பா, தார் மாதிரி போகுது புள்ள" என்றார். ஒன்றும் தின்னாத வயிற்றில் கறுப்பு எங்கிருந்து வரும்? அவள் தடுப்பதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். குழாயடியைத் தாண்டவில்லை. சுவரைப் பிடித்தார், குனிந்தார். காப்பித்தூளைக் கரைத்த மாதிரி வாந்தி, பின்னாலேயே சிவப்பாக.

"இன்னா தங்கம், உன் வூட்டுக்காரு காலையிலயே தண்ணி போட்டுக்கினு நிக்கிறாரு?" ஜானகி கேட்டது அப்போதுதான். தங்கபுஷ்பம் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரிக்‌ஷாவைக் கத்திக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியிலும் அதே கேள்வி. "குடிப்பாரா? மறைச்சா ஆளு போயிடுவாரும்மா," என்றார் டாக்டர்.

"சத்தியமா இல்லீங்க."

டாக்டர் நம்பவில்லை. புருஷன் கையோ சில்லிட்டுக்கொண்டே போகிறது. நாடி கிடைக்கவில்லை என்கிறாள் நர்ஸ். தங்கபுஷ்பம் அவர் சட்டைப்பையைத் துழாவி, இரண்டு பொட்டலத்தையும் எடுத்து நீட்டினாள். "இதத்தான் சாமி போட்டாரு. விரதத்துல."

"ரெண்டையும் சேர்த்தா? வெறும் வயித்துலயா?" டாக்டர் குரலே மாறிவிட்டது. ரத்தம் ஏற்ற ஆட்கள் ஓடினார்கள்.

பொழுது சாயும்போதுதான் சுயம்புலிங்கம் கண் திறந்தார். டாக்டர் கட்டில் பக்கத்தில் வந்து நின்று பேசினார். "ரெண்டும் ஒரே ஜாதி மருந்துய்யா. வீக்கத்த அடக்கும், வயித்தப் புண்ணாக்கும். சேர்த்துப் போடவே கூடாது. ஒண்ணே ஒண்ணுன்னாலும் சாப்பிட்டுட்டுத்தான், சொன்ன அளவுக்குத்தான். கறுப்பாப் போனா அந்த நிமிஷமே நிறுத்திட்டு ஓடி வரணும். உங்களுக்கு வயிறு ஒருதரம் புண்ணாயிடுச்சு. இனிமே இதுங்களத் தொடாதீங்க. வேற வலி வந்தாலும் முதல்ல இதச் சொல்லிட்டு மருந்து கேளுங்க."

உடம்பு தேறித் தை மாசம் கடைக்குப் போனார். முட்டி சும்மா இருக்குமா? மத்தியானம் தங்கபுஷ்பம் தூக்குவாளியில் குழைந்த சோறு கொண்டுபோனபோது, கவுண்டரைப் பிடித்தபடி அண்ணாச்சியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஸ்டூலு போதும் அண்ணாச்சி. ஆள் வராத நேரத்துல உக்காந்துக்கிடுதேன்."

"கவுண்டர்ல ஆளு உக்காந்திருந்தா கடை தூங்குதுன்னு நெனப்பாங்க." அண்ணாச்சி மாத்திரையைக் கண்ணாடிமேல் வைத்தார். "இந்தா, முழுங்கிட்டு வேலையப் பாரு."

"இது எனக்கு ஆகாது. டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டாரு."

"ஊரே போடுது, ஒனக்கு மட்டும் ஆகாதோ? குடிச்சுக் கெட்டுட்டு மாத்திரை மேல பழி போடாதடே! போட்டா நில்லு, இல்லன்னா நடையக் கட்டு."

சுயம்புலிங்கம் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்தார், மாத்திரையைப் பார்த்தார். கை அதன்பக்கம் போவதுபோல் இருந்தது. அந்தக் கை விரித்துக்கிடந்த புடவையை எடுத்தது. மடிப்புக் கலையாமல் மடித்து அடுக்கினார். பிறகு கவுண்டரைச் சுற்றி வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் பெண்டாட்டியின் தோளைப் பிடித்துப் படியிறங்கினார்.