கிழிந்த ஹால் டிக்கெட்

என் வீட்டுக்காரருக்குத் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை. முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். வாங்குவார், கிழிப்பார், பாதியைத் திருப்பிக் கொடுப்பார். நாற்பதைத் தாண்டிய பிறகு, பாதியில் விட்ட பள்ளிப் படிப்பைத் தனியாகப் பரீட்சை எழுதி முடிக்கிறேன் என்று கிளம்பினார்.

"ஸ்கூல் முடிச்சிருந்தாதான் கவுன்டர்ல உக்கார வைப்பாங்களாம்" என்றார். நின்று நின்று முழங்கால் வீங்கிய மனிதரிடம் வேண்டாம் என்றா சொல்வேன்?

பரீட்சையன்று அவருக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை. "எல்லாம் மறந்துபோச்சு, ஒண்ணுமே ஞாபகம் இல்ல" என்று புலம்பிக்கொண்டே படியிறங்கினார். மேஜையில் விட்டுப்போன ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி நீட்டினேன். வாங்கினார். சரக்கென்று கிழித்தார். பாதியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"அடப் பாவி மனுஷா!" என்று நான் கத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

ஒட்டுப்போட்ட அந்தக் காகிதத்தைப் பள்ளிக்கூட வாசலில் டீச்சர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நானும் கூடவே நின்றேன்.

"என்ன சார் இது?"

"தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கிறவன் மேடம். கைப்பழக்கம்."

டீச்சர் போட்டோவையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, உள்ள போங்க."

வாசலிலிருந்து பார்த்தால் முதல் அறையின் ஜன்னல் தெரியும். எக்கி நின்றேன். கேள்வித்தாளை நீட்டினார்கள். அவர் வலது கையைத் தொடைக்கு அடியில் அழுத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, இடது கையால் வாங்கினார்.