அத்தை தப்பாகச் சொன்ன ஒரே ஜோடி

நேற்று என் பேத்தி வீட்டுப்பாடத்தில் ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று எழுதிவிட்டாள். மழைக்கு ஹெவி, டீக்குத்தான் ஸ்ட்ராங் என்றேன். ஏன் என்று கேட்டாள். ஏனென்று எனக்கும் தெரியாது. அதற்காக விட்டுவிட முடியுமா? எனக்குச் சாப்பாட்டில் மனசே போகவில்லை. இப்படிச் சேர்ந்தே வரும் சொல் ஜோடிகளை எனக்குள் போட்டுவிட்டவள் அத்தை, என் அப்பாவின் தங்கை.

அப்போது எனக்கு எட்டு வயது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். ஒதுக்கிய சரக்கை மலிவாக வாங்கி வாங்கி வீட்டில் ஏழு ஊறுகாய் ஜாடிகள் சேர்ந்திருந்தன. இரண்டுக்குத்தான் சொந்த மூடி. ஜாடியும் மூடியும் சேர்ந்தே சூளையில் வெந்து சேர்ந்தே சுருங்கினால்தான் பொருந்தும். வேறு மூடி உட்காரும், ஆனால் ஆடும். இங்கிலீஷும் அப்படித்தான் என்பாள் அத்தை. “ஹெவி ரெயின்னா கம்முனு உட்காருது பாரு. ஸ்ட்ராங் ரெயின்னா கடகடங்குது.”

ஒரு கம்பெனியில், வெளியூர் ஆர்டர்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுத ஆள் தேடினார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்த அத்தையைப் புதன்கிழமை வரச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை சேத்தியாத்தோப்பிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ரயில்வே குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற தாத்தா, “போய்ட்டு வா. ஆனா வெள்ளிக்கிழமை பேச்சு முடிஞ்சிட்டா வேலையெல்லாம் கிடையாது” என்று சொல்லிவிட்டார். அத்தை இங்கிலீஷ் ஜோடிகள் இருந்த புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

தினமும் நான் புத்தகத்தைப் பார்த்து முதல் சொல்லைச் சொல்ல வேண்டும். அவள் ஜோடியைச் சொல்வாள். டேக் என்றால் கேர். மேக் என்றால் எ மிஸ்டேக். கெட் என்றால் புத்தகத்தில் மேரீட் என்று இருந்தது. அத்தை ‘எ ஜாப்’ என்றாள்.

“தப்பு அத்தை.”

“அதுவும் ஜோடிதான்டா. மேல கேளு.”

புத்தகத்தில் இல்லாததை நான் ஒப்புக்கொள்வேனா? ஒவ்வொரு தடவையும் ஒரு மார்க் குறைத்தேன்.

புதன்கிழமை துணைக்கு நானும் போனேன். “சரக்கு லேட்டாப் போச்சு. பார்ட்டிக்கு என்னம்மா எழுதுவ?” என்றார் மேனேஜர். ஹெவி ரெயின், பேட் ரோட், டீப்லி ரிக்ரெட் என்று அத்தை வாக்கியம் வாக்கியமாகச் சொன்னாள். ஒரு மூடிகூட ஆடவில்லை.

“நாளைக்கே கல்யாணம் ஆகிப் போயிட்டா நான் ஆளுக்கு எங்கம்மா போவேன்?”

“அது எங்கப்பா கையில இருக்குது சார்.”

“சரி, திங்கட்கிழமை வா. இருக்கிற வரைக்கும் இரு.”

சாயங்காலம் தாத்தா என்னைக் கூப்பிட்டார். “என்னடா, உங்க அத்தை இங்கிலீஷ் தேறுமா?”

“முப்பத்தெட்டு ஜோடி தாத்தா. கெட் மட்டும் தப்பு.”

“என்ன சொல்றா?”

“மேரீட்னு சொல்ல மாட்டேங்கறாங்க. எ ஜாப்ங்கறாங்க. பதினோரு தடவை கேட்டேன்.”

ஊறுகாய் எடுக்கப் போன அத்தை மூடியைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டாள். தாத்தா தோள் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

“பதினொண்ணா?”

“பதினொண்ணு.”

மறுநாள் காலை தாத்தா அப்பாவைச் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏற்றி, யாரும் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். எனக்குத் தாங்கவில்லை. வருகிறவர்களுக்குக் கேசரி செய்வதாக இருந்தது. ஒரே ஒரு ஜோடியைத் தப்பாகச் சொன்னதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

அத்தையைத் தேற்றப் போனேன். அவள் மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“கவலப்படாதீங்க அத்தை. அடுத்த தடவ மேரீட்னு சொல்லிடுங்க, தாத்தா அவங்கள வரச் சொல்லிடுவாரு.”

அவளுக்குப் புரையேறியது. கண்ணில் நீர் வழிய, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஊறுகாய் காரம் என்று நினைத்து, நான் தண்ணீர் எடுத்துவர ஓடினேன்.