செங்கோடன் அண்ணனின் பாரமும் மூச்சும்

1. போர்டைப் பார்த்து வந்தவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல்லில், சேலம் ரோட்டில், ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் மாடியில் தேகப்பயிற்சி நிலையம் ஆரம்பித்தேன். போர்டு எழுதிய பெயிண்டர் இடம் மிச்சம் இருக்கிறதே என்று 'பாடி பில்டிங்' என்றும் கொட்டை எழுத்தில் சேர்த்துவிட்டார். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. லாரிக்குக் கூண்டு கட்டுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

திறந்த அன்று முதலில் படியேறி வந்தவர் ஐம்பதை நெருங்கிய, கனத்த மனிதர். வாசலில் நின்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"பாடி கட்ட என்ன ரேட்டுங்க?"

"இங்க ஆளுங்களுக்குத்தானுங்கண்ணா பாடி கட்டறது. லாரிக்கு இல்லீங்க."

சிரித்தார். ஆனால் சிரிப்பதற்கும் அவருக்கு மூச்சு போதவில்லை. பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பார்பெல் கம்பியையே கொஞ்ச நேரம் பார்த்தவர், "இது பழைய ஆக்சில் ஷாஃப்ட் ஆச்சுங்களே?" என்றார். ஆமாம், பட்டறையில் வாங்கி லேத்தில் கடைந்தது. அவர் பெயர் செங்கோடன். பரமத்தி ரோட்டுப் பக்கம் தோட்டம், சொந்தமாக ஒரே ஒரு லாரி. மூச்சு அடங்கியதும் இறங்கிப் போய்விட்டார்.

2. இளைத்து வந்தார், தெம்பு போயிருந்தது

சில மாதம் கழித்து மறுபடி வந்தார். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. வயிறு மட்டும் இன்னும் முழுதாக இறங்கவில்லை. சேலம் அஸ்தம்பட்டி டாக்டர் ஒருவர் பிரஷர் இருக்கிறது, எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இவர் விடிந்தால் ஓட்டம். சாப்பாடு என்றால் ஒரு சொம்பு கம்பங்கூழ்.

"எடை குறைஞ்சுருச்சுங்க மாஸ்டர். கையில தெம்பும் போயிருச்சுங்க. நேத்து பாவாயியத் தூக்கறப்ப கீழ உட்டுடப் பாத்தேன்."

பாவாயி அவருடைய மனைவி. வைக்கோல் போரிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அதற்கப்புறம் இவர் லாரிக்கு வேறு டிரைவரைப் போட்டுவிட்டு வீட்டோடு தங்கிவிட்டார். குளிக்க வைப்பது, வெயிலில் கொண்டுபோய் உட்கார வைப்பது, திரும்பக் கட்டிலில் கிடத்துவது எல்லாம் அவர்தான். வேறு யார் கையும் படக்கூடாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்களாம். மற்ற நேரமெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததில்தான் அவருக்கு உடம்பு போட்டது.

"எடையும் குறையணும், அவளத் தூக்கற தெம்பும் இருக்கணும். ரெண்டும் ஒண்ணா ஆகுமுங்களா?"

பளுதூக்கும் போட்டிக்குப் போகும் பையன்களை எடைப் பிரிவுக்காக இளைக்க வைத்துப் பழக்கம் எனக்கு இருந்தது. பட்டினி கிடந்து ஓட மட்டும் செய்தவன் மேடையில் கம்பியைத் தூக்க முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கொழுப்போடு சதையும் கரைந்துவிடும். அளவாகத் தின்று, பாரமும் தூக்கினால் ஆகும் என்றேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொன்னேன். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று, மூச்சை அடைக்காதே என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

இன்று இதை கார்டியோ, வெயிட் ட்ரெயினிங் என்கிறார்கள். அன்று எங்களுக்கு மூச்சு வேலை, பார வேலை. ஓட்டத்தை நிறுத்தினேன், முழங்கால் தாங்காது. ஒருநாள் விட்டு ஒருநாள் பார வேலை: தரையிலிருந்து கம்பியைத் தூக்குவது, தோளில் கம்பி வைத்துப் பஸ்கி எடுப்பது, அதாவது உட்கார்ந்து எழுவது. இடைப்பட்ட நாளில் வேக நடை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகத்துக்கு அளவு. தூக்கும்போது மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். கூழோடு முட்டை, பச்சைப்பயறு, கொள்ளு.

"முட்டை லோடு எத்தனையோ அடிச்சிருக்கறேன். ஒண்ணு எடுத்துத் தின்னதில்லீங்க" என்றார்.

ஆரம்பத்தில் எடை மிஷினில் முள் நகரவில்லை. அவர் முகம் வாடிவிட்டது. பெல்ட்டைக் காட்டச் சொன்னேன். இடுப்பு சுருங்கி, பழைய ஓட்டைகள் போதாமல் ஆணியால் புதிதாக ஒன்று போட்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கும் எனக்கும் நிம்மதி.

3. பாவாயி அக்கா கேட்ட கேள்வி

அவர் மனைவியை எப்படித் தூக்குகிறார் என்று பார்க்க ஒருநாள் தோட்டத்துக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்த அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க சாமி. இவர மெலிய வெக்கறது நீங்கதானுங்களா?"

அண்ணன் இடுப்பை வளைத்து, கையை நீட்டி எட்டித் தூக்கினார். அதைத் திருத்தினேன். கட்டிலை ஒட்டி நில்லுங்கள், முழங்காலை மடக்குங்கள், அக்காவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த பிறகு எழுந்திருங்கள் என்றேன். கம்பிக்குச் சொல்லித் தந்த அதே முறைதான். இரண்டாம் தடவை தூக்கியபோது முதுகு வளையாமல் நிமிர்ந்தார்.

கிளம்பும்போது அக்கா கூப்பிட்டார்.

"தூக்கறவருக்குத்தான் சொல்லித் தருவீங்களா? தூக்க உடறவளுக்கு ஒண்ணும் இல்லீங்களா?"

நான் அதுவரை பெண்களுக்குப் பயிற்சி கொடுத்ததே இல்லை, அப்படி யாரும் கேட்டதும் இல்லை. யோசித்துவிட்டு, கட்டிலுக்கு நேராக விட்டத்தில் ஒரு கயிறு கட்டச் சொன்னேன். லாரியில் தார்ப்பாய் கட்டும் கயிற்றை அண்ணன் கொண்டுவந்து கட்டினார். அக்கா இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்தார். முதுகு மெத்தையை விட்டு இரண்டு விரல் உயரம்தான் எழுந்தது. கையை விட்டுப் படுத்துக்கொண்டு முகட்டையே பார்த்தார்.

"உழுந்ததுல இருந்து நானா எந்திரிச்சதே இல்ல" என்றார். "நல்லாத்தான் இருக்குது."

அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று வெளியே போனார். தொட்டியில் தண்ணீர் ஏற்கனவே இருந்தது.

அப்புறம் அவர்கள் வீட்டில் இரண்டு பேருக்குப் பயிற்சி நடந்தது. அக்காவுக்குக் கயிறும், மணல் நிரப்பிய துணிப்பைகளும். கொஞ்ச நாளில் அண்ணன் தூக்கும்போது அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தன் பாரத்தில் கொஞ்சத்தைத் தானே தாங்கினார்.

அப்போதுதான் கல்யாணப் பேச்சு வந்தது. நாமகிரிப்பேட்டையில் இருக்கும் அக்காவின் அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அக்கா வரமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார்.

"நாலு பேரு புடிச்சுத் தூக்கிக்கிட்டுப் போற மாதிரி நான் எங்கயும் வாரதில்ல" என்று என்னிடமே சொன்னார். பிறகு புருஷனைப் பார்த்து, "நீங்க ஒருத்தரே தூக்கறதா இருந்தாச் சொல்லுங்க, வாரேன்" என்றார்.

4. மயக்கம்

மண்டபத்துக்குப் படி அதிகம். அண்ணனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்னும் இளைத்தால் இன்னும் லேசாக ஏறலாம் என்று எனக்குத் தெரியாமல் பழையபடி ஓடினார், ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். ஓடிவிட்டு நேராக வந்து கம்பியைப் பிடித்தார். ஒருநாள் பாரத்தை முட்டி வரை கொண்டுவந்தவர் அப்படியே கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் சரிந்தார். கண் செருகியிருந்தது.

தெளிந்ததும் கேட்டேன். "நீங்க இப்படி உழுந்தா அக்காவ யாருங்கண்ணா தூக்கறது?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டரைப் பார்க்கச் சொல்லி, ஒரு வாரம் கம்பியைத் தொடக்கூடாது என்று அனுப்பினேன். உடம்பு பயிற்சியின்போது வளர்வதில்லை, தின்று தூங்கும்போதுதான் வளர்கிறது என்பதை அந்த வாரம் அவருக்குப் புரிய வைத்தது நானல்ல, பாவாயி அக்கா. தட்டில் முட்டை காலியாகும்வரை கயிற்றைத் தொடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாராம். ஓய்வு முடிந்து வந்தவர் முன்பு தூக்கியதைவிடச் சுலபமாகத் தூக்கினார்.

5. மண்டபத்துப் படி

கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்பாசிடர் கார் மண்டப வாசலில் வந்து நின்றது. அண்ணன் கதவைத் திறந்து, முழங்காலை மடக்கி, அக்காவை நெஞ்சோடு சேர்த்து எழுந்தார். அக்கா பட்டுச்சேலையில், அவர் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

அக்காவின் அண்ணன் ஓடிவந்தார். "மாப்ள, ஒரு பக்கம் நான் புடிக்கறேன்."

செங்கோடன் அண்ணன் தலையை ஆட்டி வேண்டாமென்றார். ஒவ்வொரு படியாக ஏறினார். மேல்படிக்கு முன்னால் நின்றுவிட்டார். நான் இரண்டு படி கீழே கையை நீட்டியபடி நின்றேன்.

"ஏனுங்க, மூச்சு வாங்குதா? எறக்கி உடுங்க" என்றார் அக்கா மெதுவாக.

"மூச்சு நல்லா இருக்குது. உன் பொறந்தவன் உன்ன வான்னு கூப்புட வேண்டாமா? அதுக்குத்தான் நிக்கறேன்."

அக்காவின் அண்ணன் நீட்டிய கையைக் கீழே விட்டார். பிறகு மேல்படிக்குப் போய்த் திரும்பி, தங்கையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வா அம்மிணி. உள்ள வா."

அக்கா ஒரு கையைக் கழுத்திலிருந்து எடுத்து தன் அண்ணனின் கையைத் தொட்டார். செங்கோடன் அண்ணன் கடைசிப் படியை ஏறி உள்ளே போனார்.

பிறகு பல வருஷம் இந்தத் தொழிலில் இருந்தேன். எடை குறைக்க வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் எவ்வளவு குறையும், எத்தனை நாளாகும் என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: குறைத்த பிறகு அந்த உடம்பால் என்ன செய்யப் போகிறீர்கள்? பதில் சொல்லத் தெரிந்தவருக்கு எவ்வளவு நடக்க வேண்டும், எவ்வளவு தூக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது எளிது. தெரியாதவரை நாளைக்கு யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். பெரும்பாலும் திரும்பி வந்திருக்கிறார்கள்.