மூணு நாள் தோண்டிய தோட்டம்

அருள்நாதன் செத்த அன்று கோயில் நிறைய ஜனம். சாமியார் பிரசங்கத்தில், "பயபக்தியுள்ள கிறிஸ்தவர். பெண்டாட்டி பிள்ளைகளே உலகமென்று வாழ்ந்தவர். ஒரு பூச்செடிக்குக்கூட வலிக்கக் கூடாதென்று நினைத்த மனுஷன்" என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி சிலுவையம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது. பூவாம், செடியாம்! இந்தச் சாமியார் ராயபுரத்துக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவருக்கு என்ன தெரியும்? அந்த மனுஷனோடு முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியவளைக் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பாள்.

அதற்காகச் சாமியார் பொய் சொன்னார் என்றும் அடித்துப் பேச முடியாது. துறைமுகத்தில் கப்பலுக்குக் கப்பல் மூட்டை ஏற்றி இறக்கும் விஞ்சு ஓட்டுகிறவர் அருள்நாதன். அந்த வேலையில் இருந்த பாதிப் பேர் சாயங்காலமானால் சாராயக் கடையில் கிடப்பார்கள். இவர் நேராக வீட்டுக்கு வருவார். நாலு பிள்ளைகளையும் முழங்காலில் நிறுத்தி செபமாலை சொல்ல வைப்பார். நடுவில் கொட்டாவி விட்டால் தலையில் நங்கென்று ஒரு குட்டு. வாயில் பொய் வராது. அது ஒரு பெருமை, அதைவிடப் பெரிய தலைவலி. சம்பந்தி வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால், குழம்பு தீய்ந்துபோச்சு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவார். சிலுவையம்மாள் பூமிக்குள் போய்விடலாமா என்று நெளிவாள்.

அப்புறம் அந்தத் தோட்டம். ரயில்வே யார்டுக்குப் பின்னால் இருந்த வீடு அது. கொல்லையில் வெறும் கடல் மணல், காற்றில் உப்பு. அங்கே எருக்கஞ்செடி கூட யோசித்துத்தான் முளைக்கும். இவர் முழங்கால் ஆழத்துக்கு மணலை வாரிக் கொட்டிவிட்டு, செங்குன்றத்திலிருந்து வண்டி வண்டியாகச் செம்மண் கொண்டுவந்து நிரப்பினார். எருவுக்குக் காசிமேட்டு மீன் குடல். தினமும் ஒரு டின் நிறைய மீன் தலையும் குடலும் கொண்டுவந்து பாத்திக்கு அடியில் புதைப்பார். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் அந்த நாற்றத்தில் விளைந்த ரோஜாதான் ஞாயிற்றுக்கிழமை மாதா பீடத்தில் மணக்கும். மல்லி, கனகாம்பரம், முருங்கை, வெண்டை, எல்லாம் வந்தது. யாராவது பாத்தி ஓரத்தில் காலை வைத்தால் போதும், "தோட்டத்த வுட்டுடுங்கப்பா" என்று கெஞ்சிக்கொண்டே ஓடிவருவார். மகள் பிலோமி ஒரு நாள் கேட்காமல் ஒரு ரோஜாவைப் பறித்துவிட்டாள் என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஜூலை மாசம். மூத்தவன் ஜார்ஜுக்கு இருபத்திரண்டு வயது, துறைமுகத்திலேயே ராசையா மேஸ்திரியின் கீழ் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். மேஸ்திரிக்குக் கை நீளம். மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கியாலேயே ஆட்களையும் அடிப்பான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே அவனுக்கும் ஜார்ஜுக்கும் வாய்த் தகராறு. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், தனியாக நின்ற பையனின் தோளில் கொக்கியை இறக்கிவிட்டு அவன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். சதை கிழிந்து தொங்கியது. ஜார்ஜ் கீழே கிடந்த கட்டையை எடுத்து ஒரே அடி, மண்டையில். மேஸ்திரி அப்படியே சரிந்து கப்பலுக்கும் துறைச் சுவருக்கும் நடுவே தண்ணீரில் விழுந்தான். கப்பல் ஒரு தடவை அசைந்து சுவரோடு உரசியது. அவ்வளவுதான்.

கப்பலின் மேல்தட்டில் விஞ்சடியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்த ஒரே ஆள் அருள்நாதன். ஓடிவந்து கயிறு போட்டுப் பார்த்தார், ஆள் மேலே வரவில்லை.

மூணு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, கை கழுவிக்கொண்டே பெண்டாட்டியிடம் சொன்னார். "சிலுவ, மேஸ்திரி பூட்டான். நம்ம பையன் கையால."

அவள் வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். "மாதாவே! பையன் எங்க?"

"தவசிமுத்து படகுல ஏத்திட்டேன். விறகு இறக்கிட்டு வெறும் படகா வடக்கால போறான். கால்வாயோட போயி பழவேற்காடு ஏரியத் தாண்டிட்டா, அப்பால தெலுங்கு மீன்காரன் குப்பத்துல எவனும் கண்டுபிடிக்க முடியாது. ஏரி தாண்ட மூணு நாளு ஆவும்."

"அதுக்குள்ள புடிச்சிட்டா?"

"தூக்குல போட்டுடுவாங்க" என்றார். ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் வராத மனுஷன்.

மறுநாள் காலையில் போலீஸ் வந்தது. மேஸ்திரியையும் காணோம், ஜார்ஜையும் காணோம் என்றதும் காலைத் தகராறை எவனோ சொல்லியிருந்தான். இன்ஸ்பெக்டர் வந்த வேகத்தில் அருள்நாதனின் கன்னத்தில் ஒன்று விட்டார். பானை சட்டியெல்லாம் உடைந்தது. பையன் இல்லை என்றதும் இரண்டு போலீஸ்காரர்களைக் கூப்பிட்டார். "ரயில் பார்த்தாச்சு, பஸ் பார்த்தாச்சு. நீங்க சைக்கிள எடுத்துகினு கால்வாய்க் கரையோரமாப் போங்க. ஒரு படகு விடாம பாருங்க."

சிலுவையம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். படகு அப்போது எண்ணூரைக்கூடத் தாண்டியிருக்காது. கயிறு கட்டி ஆள் இழுக்கிற படகு அது. சைக்கிள்காரன் மத்தியானத்துக்குள் பிடித்துவிடுவான்.

அருள்நாதன் மெதுவாக எழுந்து கொல்லைக்குப் போனார். கல்லறைத் திருநாளுக்குச் சாமந்தி வைக்கவென்று திங்கட்கிழமைதான் புதிதாக ஒரு பாத்தி போட்டிருந்தார். ஆறடி நீளம், இரண்டடி அகலம். அதன்மேல் போய் நின்றுகொண்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"ஐயா, இந்தப் பாத்திய மட்டும் தோண்டாதீங்கய்யா."

தோண்டுவதைப் பற்றி அதுவரை யாரும் பேச்சே எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் நின்றார். பாத்தியின் நீளத்தைப் பார்த்தார், புது மண்ணைப் பார்த்தார். அப்போதுதான் நாற்றமும் அவர் மூக்கில் ஏறியது.

"சைக்கிளக் கீழ போடுங்கடா" என்றார். "மண்வெட்டி எடு."

மீன் தலைதான் வந்தது. மண்வெட்டிக் காம்பு அருள்நாதனின் முதுகில் முறிந்தது. "சோமாரி, பொணத்த எங்கடா பொதைச்ச?"

வாயில் ரத்தம் வழிய அவர் சொன்னார்: "ரோசாவ வுட்டுடுங்கய்யா."

உடனே ரோஜாவைப் பெயர்த்தார்கள். சிலுவையம்மாளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அடப்பாவி மனுஷா, ஒரு பொய் இல்லை! இருபது வருஷமாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கெஞ்சிய அதே கெஞ்சல். கேட்கிறவன் கொலைகாரன் உளறுகிறான் என்று நினைத்தால் அது அவன் பாடு. அவளும் மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்: "ஐயோ, முருங்கையடியில கை வெக்காதீங்க சாமி!" முருங்கை சாய்ந்தது. எங்கே வெட்டினாலும் நாறியது, நாறிய இடமெல்லாம் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். கால்வாய்க் கரைக்கு யாருமே போகவில்லை.

சாயங்காலம் மேஸ்திரியின் பெண்டாட்டி செல்லம்மா வந்தாள். அதை இவர்கள் இரண்டு பேரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. ஒவ்வொரு குழியிலும் நாற்றம் கிளம்பியதும் அவள் உள்ளே குதித்தாள். வெறுங்கையால் துழாவினாள். முழங்கை வரைக்கும் அழுகிய குடலும் செதிலும். வாந்தி எடுத்துவிட்டு மறுபடியும் துழாவினாள். "இங்க கீறியா? ஏ மாமா, இங்க கீறியா?" என்று மண்ணைப் பார்த்துக் கேட்டாள். அருள்நாதனின் காலைப் பிடித்துக்கொண்டு, "மூஞ்சியையாவது ஒரு தபா பார்த்துக்கறேன் அண்ணே, எங்கன்னு சொல்லிடு" என்று அழுதாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிலுவையம்மாள் அவளுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், அவளும் வாங்கிக் குடித்தாள்.

இரண்டாம் நாள் அவருடைய இடது கையை அம்மிமேல் வைத்துக் குழவியால் நசுக்கினார்கள். நாலு விரல். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அலறினார்கள். "மல்லிய வுட்டுடுங்கய்யா" என்றார். மல்லிக்கொடியும் போனது. செல்லம்மா அந்தக் குழியிலும் இறங்கினாள்.

மூன்றாம் நாள் பொழுது சாயும்போது, அலைத் தடுப்புச் சுவரோரம் மேஸ்திரியின் பிணம் மிதந்தது. கட்டுமரக்காரர்கள் இழுத்துவந்து போட்டார்கள். மண்டைக் காயம் கப்பலில் மோதினதாலும் இருக்கலாம் என்று டாக்டர் எழுதினார். மூன்று நாளாக மீன் குடலைத் தோண்டிய கதை வெளியே போனால் தனக்குத்தான் அசிங்கம் என்று, கால் தடுக்கி விழுந்த சாவு என்று இன்ஸ்பெக்டரும் முடித்துக்கொண்டார். போகும்போது குழிக்குள் காறித் துப்பிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை தவசிமுத்துவின் படகு விறகோடு திரும்பியது. பையன் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் வலை இழுத்துக்கொண்டிருக்கிறான், அம்மாவைக் கேட்டு அழுகிறான் என்று சேதி. சிலுவையம்மாள் மாதா படத்துக்கு முன்னால் விழுந்து எழுந்தாள்.

"ஜார்ஜு நைனா, கேஸுதான் முடிஞ்சிச்சே. திங்கக்கெயம படகு திரும்புது. புள்ளயக் கூட்டியாரச் சொல்லு."

"சொல்றேன்" என்றார் அருள்நாதன். அவருக்கும் கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போனார்கள். அவர் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகவில்லை, மனசில் பாவத்தோடு அதை வாங்கக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. உடம்பு வலியாக இருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து புதுக் காம்பு போட்ட மண்வெட்டியை ஒற்றைக் கையால் பிடித்துக் குழிகளை மூடிக்கொண்டிருந்தார். அப்போது செல்லம்மா வந்தாள். நெற்றியில் பொட்டில்லை. கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள், தோல் சிவந்து உரிந்திருந்தது.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். மூணு நாளு அந்த நாத்தத்துல நான் கைய வுட்டுத் தேடினேனே. என் புருசன் அங்க இல்லன்னு உனக்குத் தெரியுமா?"

சிலுவையம்மாள் பாய்ந்து வந்தாள். "அவருக்கு எப்பிடிம்மா தெரியும்? அடிபட்டு உசுருக்குக் கெடந்த மனுசன்..."

"நீ சும்மா இரு சிலுவ."

சிலுவையம்மாள் அவரைப் பார்த்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள். தெரியாது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் இன்னும் இரண்டு வாரத்தில் பையன் இந்த வீட்டில் சோறு தின்பான். வாழ்நாளில் ஒரே ஒரு பொய், பெற்ற பிள்ளைக்காக! சொல்லித் தொலையேன்யா!

"தெரியும், செல்லம்மா" என்றார். "தண்ணியில போனத நான் பார்த்தேன்."

"அப்ப அடிச்சது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

குழவி வைத்து நசுக்கியும் போலீஸ்காரனால் பிடுங்க முடியாததை, ஒரு பொம்பிளை ஒரு கேள்வியில் பிடுங்கிவிட்டாள். இவள் போய்ச் சொன்னால் கேஸ் மறுபடி கிளம்பும், இனிமேல் எந்தப் படகில் என்ன சேதி சொல்லியனுப்புவது? ஜார்ஜ் அங்கேயே கிடக்க வேண்டியதுதான், செத்தாலும் அங்கேயேதான்.

செல்லம்மா அவர் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினாள். திருப்பிப் பிடித்துக் காம்பால் அவர் முதுகில் ஓங்கி அடித்தாள். பழைய காயம் திறந்துகொண்டு சட்டை நனைந்தது. அவர் முழங்காலில் விழுந்தார், கையைத் தூக்கித் தடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். பிலோமி வீட்டுக்குள்ளிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள். சிலுவையம்மாள் மகளை எட்டிப் பிடித்து இழுத்துத் தன்னோடு இறுக்கிக்கொண்டாள்.

"வுடும்மா, நைனாவ அடிக்கிறாங்க!"

"அடிக்கட்டும்" என்றாள் சிலுவையம்மாள். அப்புறம் தொண்டை கிழியக் கத்தினாள்: "அடிடி செல்லம்மா! என் பங்குக்கும் சேர்த்து அடி!"